கூடைத் தாளில் ஏறாத என் சேதி

போன மாதம் எங்கள் மலை டவுன் தானா ராத்தாவில் ஒரு கூட்டம் போட்டார்கள். சப்பான்காரன் காலத்தில் இந்த மலையில் பிழைத்துக் கிடந்தவர்களை நினைவுகூரும் கூட்டம். என்னை முன்வரிசையில் உட்கார வைத்து மாலை போட்டார்கள், மரியாதையில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பேச வந்தவர்களில் நாலு பேர் எங்கள் தோட்டத்துக் கூடைத் தாளைப் பற்றிப் பேசினார்கள். "கம்பெனிக்காரன் பேப்பர் பொய் பேசிய காலத்தில் ஒரு பெண் தனியாக நடத்திய பத்திரிகை" என்றார் ஒருவர். கைதட்டல் அடங்கவே நேரமானது. நாலு பேரும் அவளைத்தான் புகழ்ந்தார்கள். அவளுக்குச் சேதி எங்கிருந்து வந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. சேதி என்ன, தேயிலைச் செடியிலா துளிர்த்தது? கீழே ரிங்லெட் பசாரிலிருந்து தோளில் ஏறி வந்தது. அந்தத் தோள் என்னுடையது.

அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் இரண்டாம் வகுப்போடு சரி, படித்த எழுத்தும் மறந்துபோனது. இன்றைக்குத் திரிங்காப்பில் என் காய்கறித் தோட்டம் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று கேட்டால் அரை நாள் நடந்துதான் காட்ட வேண்டும். என் லாரி இறங்காத பசார் கீழே கிடையாது. யாரும் தூக்கிவிட்டு நான் மேலே வரவில்லை. படித்தவர்கள் எழுதியதில் பிழை திருத்தும் அளவுக்கு நானே எழுத்தும் படித்துக்கொண்டேன். அந்தப் படிப்புக்குக் காரணமும் அவள்தான் என்பதைச் சொல்லத்தான் வயிறு எரிகிறது.

சப்பான்காரன் வந்ததும் எங்கள் துரை ராவோடு ராவாக ஓடிப்போனார். தோட்டத்தை ஒரு சப்பான் கம்பெனி எடுத்துக்கொண்டது. பாதித் தேயிலை காடாகிவிட்டது. மீதியில் கொஞ்சம் கொழுந்து எடுத்தார்கள், கொஞ்சத்தைப் பிடுங்கிவிட்டு மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் போட்டோம். மலையில் கிழங்குக்குப் பஞ்சமில்லை, உப்புக்குத்தான் பஞ்சம். அந்த உப்பை யார் கொண்டு வந்தது? நான். காண்டாக் கம்பின் இரண்டு முனையிலும் கிழங்குக் கூடையைக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு ரிங்லெட்டுக்கு இறங்குவேன். உப்பும் கருவாடுமாக மாற்றிக்கொண்டு மத்தியானம் தாண்டி ஏறி வருவேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தோட்டத்தில் என்னைப் போல் கம்பு தூக்கி நடக்க ஒரு ஆள் கிடையாது.

உப்போடு சேதியும் வந்தது. நான் வருவதற்குள் பைப்படியில் பெண்கள் குடத்தை வைத்துக்கொண்டு நிற்பார்கள், வேலை விட்ட ஆண்களும் நிற்பார்கள். யாருக்கும் உடனே சொல்ல மாட்டேன். கம்பை இறக்குவேன், முகம் கழுவுவேன், ஒரு வெற்றிலை கேட்பேன். அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பேன். "சொல்லுலா, உசுர வாங்காத" என்று பெரிய மனிதர்களே கெஞ்சுவார்கள். ஏழெட்டு மாதம் நான் ராஜா மாதிரி இருந்தேன்.

இன்னொரு சேதியும் இருந்தது. தினமும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நாங்கள் வரிசையாக நிற்கும்போது கிராணி, அதாவது ஆபீஸ் கணக்கப்பிள்ளை, ஒரு பெட்டிமேல் ஏறி நின்று கம்பெனி அனுப்பும் தமிழ்ப் பேப்பரைப் படிப்பார். வெற்றி, வெற்றி, மேலும் வெற்றி. எதிரியின் கப்பலை இத்தனை தடவை மூழ்கடித்தால் கடலில் தண்ணீருக்கு இடம் இருக்காதே என்று நாங்கள் பேசிக்கொள்வோம். சயாமில் ரயில் ரோடு போட எங்கள் தோட்டத்திலிருந்தும் ஆட்களைப் பிடித்துப் போயிருந்தார்கள். ஒருநாள் கிராணி படித்தார்: சயாமில் தொழிலாளர்கள் நல்ல சாப்பாட்டோடு நலமாக இருக்கிறார்கள், வாரம் ஒரு கூத்து நடக்கிறது. பெண்கள் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அப்ப நீங்களும் ஒரு எட்டு போய் நலமா இருந்துட்டு வாங்களேன் கிராணி ஐயா."

யார் சொன்னது என்று கிராணி தேடினார். அத்தனை பெண்களும் இருமினார்கள்.

ஸ்டோரில் தேயிலை சலிக்கும் பகுதியில் ஒரு அக்கா இருந்தார். ஸ்டோர் என்பது எங்கள் தேயிலைத் தொழிற்சாலை. வேதக்காரக் குடும்பம், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், மிஷன் பள்ளியில் ஏழு வகுப்போ என்னவோ படித்தவர். முகத்துக்கு நேரே 'அக்கா, வாங்க போங்க' என்றுதான் பேசுவேன். மனதுக்குள் 'அவள்' என்றே சொல்லிக்கொள்வேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். தேயிலைப் பெட்டிக்குள் போடும் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் பென்சிலால் சேதி எழுத ஆரம்பித்தாள். கொழுந்துக் கூடைகள் சாயங்காலம் ஸ்டோரில் கவிழ்ந்து, மறுநாள் காலை பெண்கள் முதுகில் ஏறி மலைக்குப் போகும். ஒரு கூடையின் அடி மூங்கிலுக்குள் தாளைச் செருகிவிடுவாள். முதல் கும்பலில் எழுத்துத் தெரிந்த பெண் கொழுந்து கிள்ளிக்கொண்டே மற்றவர்களுக்குப் படிப்பாள். பிறகு தாள் அடுத்த கும்பலின் கூடைக்குப் போகும். கடைசி லயத்து வீடுகளைத் தொட்டதும் அடுப்புக்குள் போகும். கிராணி கண்ணில் பட்டால் சப்பான்காரனிடம் போய்விடும், விசாரணைக்கு இறங்கிப் போனவர்களில் எல்லோரும் ஏறி வரவில்லை என்பது அவளுக்கும் தெரியும். தைரியசாலிதான். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் திமிர். ஒரு சட்டம் வைத்திருந்தாள். இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னால்தான் எழுதுவாள். யார் சொன்னது என்றும் போடுவாள், பேர் போடாமல் 'பால்காரர் சொன்னது', 'லாரிக்காரர் சொன்னது' என்று. தப்பாகிவிட்டால் அடுத்த தாளில் முதல் வரியே 'முன்னே சொன்னது தவறு' என்றுதான் இருக்கும். தன் தப்பைத் தானே எழுதுகிறவளை யாராவது நம்புவார்களா என்று நான் சிரித்தேன். எல்லோரும் நம்பினார்கள்.

கொஞ்ச நாளில் பைப்படியில் கூட்டம் மெலிந்தது. நான் முகம் கழுவி முடிப்பதற்குள் பாதிப் பேர் குடத்தோடு போய்விட்டிருப்பார்கள். ஒருநாள், மலையடியில் தாப்பாவில் பாலம் ஒன்று உடைந்துவிட்டதென்று சொன்னேன். ஒரு கிழவர் காதைக் குடைந்துகொண்டே கேட்டார்: "இது கூடையில வந்துச்சாப்பா, இல்ல உன்னோடது மட்டுந்தானா?"

உன்னோடது மட்டுந்தானா! மழையிலும் அட்டைக்கடியிலும் நடந்து போய்க் கொண்டு வந்தவனைப் பார்த்து! நிழலில் உட்கார்ந்து பென்சில் பிடித்தவளுக்கு அந்த மரியாதை. அத்தனை மாதத்தில் 'காண்டாக்காரர் சொன்னது' என்று ஒரு வரி அந்தத் தாளில் வந்ததில்லை. எனக்கு இரண்டாவது சாட்சி அமையாது, வேறு ஆள் ரிங்லெட்டுக்கு இறங்கினால்தானே? அவள் தாளை எனக்குப் படிக்கவும் தெரியாது. கொழுந்துப் பெண்களிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்வேன். படுத்தால் அவள் முகம்தான் வரும், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு.

மூன்றாம் லயத்தில் ஒரு அண்ணி இருந்தார். அவர் வீட்டுக்காரர் எனக்கு அண்ணன் முறை, சயாமுக்குப் போனவர்களில் ஒருவர். ஒரு வருடமாக ஒரு தகவலும் இல்லை.

ஒருநாள் ரிங்லெட்டில் பாய் கடையில் உப்பு வாங்கப் போனேன். அங்கே பின்பக்கம் ஒரு ஆள் படுத்திருந்தார், எலும்பும் கால் புண்ணுமாக. சயாமிலிருந்து தப்பி வந்தவர், கீழே ரப்பர்த் தோட்டத்துக்காரர், இந்தப் பக்கம் சொந்தக்காரரைத் தேடி வந்திருக்கிறார். எந்தத் தோட்டம் என்று என்னைக் கேட்டார், சொன்னேன்.

"அட, ஒங்க தோட்டத்து முத்திரை போட்ட கம்பளி ஒண்ண அங்க பாத்தேனே. மூலையில செவப்பு நூலு, மீன் முள்ளு மாதிரி தையலு. அதப் போத்திக்கிட்டு ஒருத்தன் காலராவுல கெடந்தான். விடிஞ்சப்ப தூக்கிட்டாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. துரை காலத்தில் எங்களுக்கு ஆளுக்கு ஒரு கம்பளி கொடுத்தார்கள், எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே முத்திரை. மாறிப் போகாமல் இருக்க அந்தந்த வீட்டுப் பெண்கள் மூலையில் தங்கள் தையலைப் போட்டு வைப்பார்கள். மீன்முள் தையல் மூன்றாம் லயத்து அண்ணியுடையது. எங்கள் மலையில் ஒரு மனிதன் கம்பளியைத் தன் கூடப்பிறந்தவனுக்குக்கூடக் கொடுக்க மாட்டான். மழை மாதத்தில் கம்பளி இல்லாமல் ஒருநாள் படுத்துப் பாருங்கள், தெரியும். கம்பளி கிடந்த இடத்தில்தான் ஆள் கிடப்பான். இதில் கேட்க என்ன இருக்கிறது?

பாய் கோப்பி கொண்டு வந்து வைத்தார், நான் குடிக்கவில்லை. இந்தச் சேதி அவள் காதுக்குப் போவதற்கு முன்னால் பைப்படிக்குப் போக வேண்டும், அது ஒன்றுதான் மனதில் ஓடியது. அண்ணன் செத்தாரே என்ற துக்கம் பிறகுதான் வந்தது. உண்மையை எழுத உட்கார்ந்த பிறகு இதை மறைக்க முடியாது.

அன்றைக்குப் பைப்படியில் ஒருவரும் நகரவில்லை. அண்ணி குடத்தோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். பெரிய கங்காணியும் சொந்தக்காரர்களும் கூடிப் பேசினார்கள். உடல் கிடைக்காத சாவுக்குச் சேதி வந்த நாளையே முதல் நாளாக வைத்து, பதினாறாம் நாள் கருமாதி செய்து தாலி வாங்குவதென்று முடிவானது. என்னை நடுவில் உட்கார வைத்து நாலு தடவை சொல்லச் சொன்னார்கள். நாலு தடவையும் நன்றாகவே சொன்னேன்.

மறுநாள் கூடைத் தாளில் என்ன வந்தது தெரியுமா? கொழுந்துப் பெண் ஒருத்தி எனக்கு வரி பிசகாமல் சொன்னாள்: 'நம் தோட்டத்துக் கம்பளி ஒன்றை, சயாமில் இறந்த ஒருவர்மேல் பார்த்ததாகப் பேச்சு, உறுதியில்லை. இறந்தவர் யாரென்று தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லவும்.'

நேராக ஸ்டோருக்குப் போனேன். சல்லடைத் தூசியில் புருவமெல்லாம் வெளுத்து நின்றுகொண்டிருந்தாள்.

"என்னக்கா எழுதியிருக்கீங்க? அவரு செத்துட்டார்னு நான் சொன்னேன்லா."

"நீங்க பாத்தீங்களா தம்பி?"

"பாத்த ஆளு சொன்னாரு."

"அவரு மூஞ்சியப் பாத்தாரா?"

"கம்பளியப் பாத்தாரு. அண்ணியோட தையலு. வேற என்ன வேணும் ஒங்களுக்கு?"

"கம்பளியப் பாத்தாரு, அதான் கம்பளின்னு எழுதுனேன். கோவிச்சுக்காதீங்க, அந்தத் தட்டக் கொஞ்சம் தள்ளி வைங்க" என்று சலிப்பதைத் தொடர்ந்தாள்.

என் சேதியைத் தாளில் ஏற்றக்கூடாது என்பதற்காகவே இதைச் செய்கிறாள் என்று முடிவு கட்டினேன். பொறாமை அவளுக்குத்தான் என்று லயம் லயமாகப் போய்ச் சொல்லவும் செய்தேன்.

அண்ணியின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். காலையில் கிராணி பெட்டிமேல் ஏறிக் கம்பெனிப் பேப்பரில் எல்லோரும் நலம் என்கிறார். நான் செத்துவிட்டார் என்கிறேன். கூடைத் தாள் தெரியாது என்கிறது. சொந்தக்காரர்கள் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். பத்தாம் நாள் அண்ணி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கண்ணில் தண்ணீர் வற்றிப் போயிருந்தது.

"தம்பி, அந்த ஆள இங்க கூட்டிட்டு வாங்க. அவரு வாயால ஒரு தடவ நான் கேக்கணும். கேட்டுட்டு அறுத்துர்றேன்."

எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. சாட்சியை நேரே ஸ்டோர் வாசலில் கொண்டு போய் நிறுத்தி, இப்போது எழுது என்று சொல்லலாமே! மறுநாள் விடிந்ததும் ஓட்டமாக இறங்கினேன்.

அந்த ஆள் பாய் கடையிலேயேதான் இருந்தார், கொஞ்சம் தேறியிருந்தார். நடக்கக் கால் இன்னும் ஆறவில்லை, தூக்கிக்கொண்டாவது போகிறேன் என்றேன். அண்ணன் கடைசியாக எப்படி இருந்தார் என்று கேட்டேன்.

"எந்த அண்ணன்?"

"கம்பளிக்காரரு. காதோரம் தழும்பு, மேல் பல்லு ரெண்டு இருக்காது."

"அட, ஓட்டைப் பல்லு மலைக்காரரா? அவரு எங்க செத்தாரு? அங்க வந்த மொத மாசமே கம்பளியப் பொகையிலைக்கும் உப்புக்கும் கொடுத்துட்டாரு. அந்தச் சூட்டுல கம்பளிய வச்சு என்ன செய்ய? அது அஞ்சாறு கை மாறிருச்சு. செத்தவன் வேற ஆளு. ஒங்க ஆளு சமையல் கொட்டாய்ல கஞ்சி கிண்டிக்கிட்டு இருந்தாரு, நான் ஓடி வர்ற வரைக்கும்."

காண்டாக் கம்பு என் கையிலிருந்து விழுந்துவிட்டது.

"ஏன்யா இத அன்னிக்கே சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க? கம்பளின்னதும் எந்திரிச்சு ஓடிட்டீங்க."

அடுப்படியிலிருந்து பாய் சிரித்தார். "நான் போட்ட கோப்பியக் கூடக் குடிக்காம ஓடினான். இந்தா, இன்னிக்காவது குடிச்சிட்டுப் போ."

குடித்தேன், கசந்தது. திரும்பி ஏறும்போது கால் வரவில்லை. சொல்லாமல் விட்டால் என்ன என்று ஒரு யோசனை வந்தது, பொய் சொல்ல மாட்டேன். அந்த ஆள் நடக்க முடியாது, ஊருக்குள் யாருக்கும் தெரியப் போவதில்லை. சொன்னால் என்னைப் பார்த்துச் சின்னப்பிள்ளைகூடச் சிரிக்கும், அவள் சிரிப்பாள். பிறகு அண்ணியின் கழுத்து ஞாபகத்துக்கு வந்தது. உயிரோடு இருக்கிறவருக்குக் கருமாதி செய்வதா? கடைசி ஏற்றத்தில் ஒரு கணக்குப் போட்டேன். உயிரோடு இருக்கிறார் என்ற சேதியையும் நான்தானே கொண்டு போகிறேன்? இதிலும் நான்தான் முதல். அந்த நினைப்பில் கால் கொஞ்சம் லேசானது.

ஸ்டோர்ப் பக்கம் திரும்பாமல் மூன்றாம் லயத்துக்குப் போனேன்.

"அண்ணி, அண்ணன் இருக்காரு! உசுரோட இருக்காரு! கம்பளிய வித்துட்டாராம்!"

அண்ணி கும்பிடுவார், காலில் விழுந்து அழுவார் என்று நினைத்தேன். கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவர் கத்தியைக்கூடக் கீழே வைக்கவில்லை. என்னையே பார்த்தார்.

"அன்னிக்கும் இப்படித்தான் மூச்சு வாங்க வந்து சொன்னீங்க தம்பி."

"இது நிசம் அண்ணி. என் ஆத்தா மேல சத்தியம்."

"கூடையில வரட்டும். வந்தா நம்பறேன்."

 உரித்து முடித்த கிழங்கையே மறுபடி சீவினார். ஆசைப்படவே பயப்படுகிறார் என்று இப்போது புரிகிறது. அப்போது எனக்குப் புரிந்ததெல்லாம் ஒன்றுதான்: நான் யாரைக் கண்டு எரிந்தேனோ, அவளிடம் போய் 'என் சேதியை எழுதுங்கள்' என்று நிற்க வேண்டும்.

போனேன். அவள் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் தேவலை. கேள்வி கேட்டாள். பல் எந்தப் பக்கம் இல்லை என்று சொன்னாரா? தழும்பை நீங்கள் சொல்லி அவர் ஆமாம் போட்டாரா, அவராகச் சொன்னாரா? ஓட்டைப் பல்லு என்பதும் மலைக்காரர் என்பதும் அவர் வாயாலேயே வந்ததா? கொட்டாயில் கடைசியாகப் பார்த்தது எப்போது? எனக்கு வேர்த்தது. கடைசியில் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தாள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ரெண்டு பேரு சொன்னாத்தான எழுதுவீங்க? இப்ப ஒருத்தர்தான. சாவுக்கு ஒரு சட்டம், உசுருக்கு ஒரு சட்டமா?"

"ஆமா தம்பி. இது தப்பாப் போனா அவங்க இன்னும் கொஞ்ச நாளு காத்திருப்பாங்க. அது தப்பாப் போனா தாலி போயிரும்." எழுதிக்கொண்டே கேட்டாள், "யாரு சொன்னதுன்னு போடணும். போடவா?"

இத்தனை மாதம் நான் ஏங்கிக் கிடந்த வரி. மாட்டேன் என்று சொல்ல முடியுமா? போடுங்க என்றேன்.

மறுநாள் மலை முழுவதும் கேட்டது: 'மூன்றாம் லயத்துக்காரர் இறந்தார் என்ற பேச்சு தவறு. கம்பளியை அவர் முன்பே விற்றுவிட்டார். சயாமிலிருந்து வந்தவர் அவரைச் சமையல் கொட்டாயில் உயிரோடு பார்த்திருக்கிறார். இதைச் சொன்னவர், முன்பு இறந்ததாகச் சொன்ன அதே காண்டாக்காரர்.' கொழுந்து மலையில் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்த சத்தம் எனக்குக் கிழங்குக் காட்டில் கேட்டது. அண்ணி அன்றைக்கே குளித்து, பொட்டு வைத்துக்கொண்டு கூடையைத் தூக்கினார். கருமாதிக்கு எடுத்து வைத்த அரிசியைச் சொந்தக்காரர்கள் முனகிக்கொண்டே பங்கு போட்டுக்கொண்டார்கள். எனக்கு ஒரு பிடிகூடத் தரவில்லை.

அந்த மாதம்தான் உப்பு மூட்டையில் இருந்த எழுத்தை வைத்து நான் மறுபடி அ, ஆவிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். இனி அந்தத் தாளை இன்னொருத்தி வாயால் கேட்பதில்லை என்று வைராக்கியம்.

சப்பான்காரன் தோற்று, வெள்ளைக்காரன் திரும்பி வந்து சில மாதம் ஆகியிருக்கும். ரிங்லெட்டில் லாரியிலிருந்து ஒரு மனிதர் இறங்கினார், பாதி உடம்புதான் இருந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். தழும்பைப் பார்த்தேன், வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தேன், பெயரைக் கேட்டேன், அண்ணியின் பெயரையும் கேட்டேன். "என்னலா, மாடா புடிக்கிற?" என்றார் அண்ணன். அவரால் வேகமாக ஏற முடியவில்லை. நான் முன்னால் ஓடினேன்.

அண்ணி ஸ்டோர் வாசலில் கொழுந்தை நிறுக்கக் கூடையோடு நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணி, அண்ணன் வந்துட்டாரு. நானே பாத்தேன். மூஞ்சியப் பாத்தேன், பேசினேன், கையத் தொட்டேன்."

அண்ணி கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஆனால் ரோட்டுப் பக்கம் ஓடவில்லை. தலையைத் திருப்பி, சல்லடை அறை வாசலில் நின்ற அவளைப் பார்த்தார். அவள் என்னை ஒரு கணம் மேலும் கீழும் பார்த்தாள்.

"அவரு சொன்னா சரிதான், ஓடுங்க" என்றாள்.

அண்ணி கூடையைப் போட்டுவிட்டு ஓடினார். கொழுந்தெல்லாம் தரையில் கொட்டியது. 'அவரு சொன்னா சரிதான்' என்ற அந்தச் சொல்லை இந்த மலையில் எனக்கு யாரும் கொடுக்க வேண்டியதில்லை, நான் சம்பாதித்தது. அப்படியிருந்தும் அவள் வாயால் வந்த பிறகுதான் அண்ணியின் கால் நகர்ந்தது. அவள் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடமாகிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை.